‘ஜெபிக்கிறேன்’ என்று சொல்லிவிட்டு மறந்துபோனேன். இப்போது என்ன செய்ய?

குத்தாலத்தான் | செவ்வாய், இரவு 9.40

எல்லோருக்கும் ஸ்தோத்திரம். சபையில் கேட்டால் சாயங்காலத்துக்குள் ஊருக்கே தெரிந்துவிடும் என்பதால் இங்கே எழுதுகிறேன்.

எங்கள் கோயிலில் ஒரு பெரியவர். அந்தக் காலத்தில் ரைஸ்மில்லில் எடை போட்ட கணக்குப்பிள்ளை. ஜூன் மாதம் ஒரு ஞாயிறு, ஆராதனை முடிந்து செருப்பைத் தேடிக்கொண்டிருந்தபோது தோளைத் தொட்டார். "தம்பி, பைபாஸ் பண்ணணும்னு சொல்லிட்டாங்க. ஜெபம் பண்ணிக்கப்பா." "கண்டிப்பா பண்றேன்யா" என்றேன். வாய் தானாகச் சொல்லிவிட்டது.

அந்த வாரம்தான் வாய்க்காலில் தண்ணீர் வந்தது. குறுவை நடவு. நாற்றுப் பறிக்க ஆள் இல்லை, வந்த ஆளுக்குச் சாப்பாடு, மோட்டாரில் காயில் போய்விட்டது, படுத்தால் விடிந்துவிடும். உண்மையைச் சொல்கிறேன், ஒரு நாள்கூட அவர் பெயரை நான் எடுக்கவில்லை.

போன ஞாயிறு வந்திருந்தார். சட்டை தொளதொளவென்று தொங்குகிறது. என் கையைப் பிடித்தவர் விடவே இல்லை. "தியேட்டருக்குள்ள தள்ளிக்கிட்டுப் போறப்ப பயமா இருந்துச்சுப்பா. யார் யார் நமக்காக ஜெபம் பண்றாங்கன்னு ஒவ்வொரு பேரா எண்ணிக்கிட்டே போனேன். உன் பேரு பதினொண்ணாவது. அதுக்கப்புறம் மயக்க ஊசி போட்டுட்டாங்க" என்றார்.

நான் தலையை ஆட்டிவிட்டு வந்துவிட்டேன். இரண்டு நாளாகச் சோறு இறங்கவில்லை. அவரிடம் உண்மையைச் சொல்வதா, விட்டுவிடுவதா?

ஷார்ஜா மன்னார்குடி | செவ்வாய், இரவு 10.25

அண்ணே, சொல்லாதீங்க. நெஞ்சைப் பிளந்து தைத்திருக்கிற மனுஷர். உங்கள் மனபாரத்தை இறக்கிவைக்க அவர்தான் கிடைத்தாரா? ஆண்டவரிடம் சொல்லி மன்னிப்புக் கேட்டுக்கொண்டு இனிமேல் ஜெபியுங்கள், போதும்.

சும்மா சொல்லவில்லை, எனக்கும் இது நடந்திருக்கிறது. இங்கே கேம்பில் எங்கள் அறையில் வாரம் ஒரு நாள் ஜெபக்கூட்டம். ஒன்பது பேர். முதலில் எல்லோரும் எல்லோருக்காகவும் என்றுதான் வைத்திருந்தோம். எல்லோருக்காகவும் என்றால் யாருக்காகவும் இல்லை என்று ஆகிவிட்டது. அப்புறம் ஒரு நாகர்கோவில் அண்ணன் ஒரு வழி சொன்னார். ஒவ்வொருவரும் ஒரு சீட்டில் ஒரே ஒரு விண்ணப்பம் எழுதிப் பிரியாணி டப்பாவில் போட வேண்டும். எடுத்தவருக்கு அந்த வாரம் அதுதான் வேலை.

முதல் வாரம் எனக்கு வந்தது அந்த அண்ணனுடைய சீட்டு. "மகளுக்குப் பின்னக் கணக்கு வரவேண்டும்." சிரித்துவிட்டேன். விசா, கடன், அம்மாவுக்கு டயாலிசிஸ் என்று எழுதுகிற இடத்தில் பின்னக் கணக்கு! ஆனால் ஏழு நாள் ஒரு குழந்தையின் பின்னக் கணக்குக்காக ஜெபித்துப் பாருங்கள். எட்டாவது நாள், "பாப்பா பரீட்சை என்னாச்சுண்ணே?" என்று நானாகக் கேட்டேன். அந்த மனிதருக்குக் கண் கலங்கிவிட்டது. நாலு வருஷமாக ஒரே அறை, அவர் மகளைப் பற்றி நான் கேட்டது அன்றுதான் முதல் தடவை.

பாப்பா 38 மார்க். பாஸ்.

பொறையார் வாத்தியார் | புதன், காலை 6.10

தம்பி, சொல்வதா வேண்டாமா என்பதற்கு அப்புறம் வருகிறேன். உங்கள் பதிவைப் படித்ததும் எனக்கு ரோதை ஞாபகம் வந்தாள்.

பைபிளில் அப்போஸ்தலர் 12. பேதுரு சிறையில், இரண்டு சேவகருக்கு நடுவே சங்கிலியோடு கிடக்கிறார். சபை ஒரு வீட்டில் கூடி அவருக்காக ஜெபம் பண்ணிக்கொண்டிருக்கிறது. தூதன் வந்து அவரை வெளியே கொண்டுவருகிறான். அவர் நேராக அந்த வீட்டுக்கு வந்து கதவைத் தட்டுகிறார். வேலைக்காரப் பெண் ரோதை சத்தத்தை வைத்தே ஆளைத் தெரிந்துகொண்டு, சந்தோஷத்தில் கதவைத் திறக்காமலே உள்ளே ஓடுகிறாள். "பேதுரு நிற்கிறார்" என்கிறாள். இவ்வளவு நேரம் அவருக்காக ஜெபித்த கூட்டம் என்ன சொல்கிறது? உனக்குப் பைத்தியமா என்கிறது! எதற்காக ஜெபித்தார்களோ அது வாசலில் நின்று தட்டிக்கொண்டே இருக்கிறது. ஆதிச் சபையின் லட்சணமே அதுவாக இருக்கும்போது, ஒருவருக்காக ஒருவர் ஜெபிப்பது பெரிய விசுவாசிகளுக்கு மட்டுமான வேலை என்று நான் நினைத்ததில்லை.

எங்கள் பக்கத்துச் சங்கதி ஒன்று. ஜெர்மன் மிஷனெரி சீகன்பால்க் தரங்கம்பாடியில் இறங்கியது 1706 ஜூலை. 1708 நவம்பரில் டேனிஷ் தளபதியோடு தகராறு முற்றி, கோட்டையில் நான்கு மாதம் அடைத்துவைத்தார்கள். அவர் கட்டிய புது எருசலேம் கோயில் 1718-இல் பிரதிஷ்டையானது, மறு வருடமே 36 வயதில் இறந்துபோனார். இதெல்லாம் பலருக்கும் தெரியும். ஆனால் தரங்கம்பாடியிலிருந்து போன கடிதங்கள் ஜெர்மனியில் ஹாலே நகரத்தில் அச்சாகி, முகம் பார்க்காத ஜனங்கள் அவற்றைப் படித்து நம் ஊருக்காக ஜெபித்தார்கள் என்பதை நாம் அவ்வளவாகப் பேசுவதில்லை. அந்த மிஷனெரிகளின் செய்தி ஆங்கிலத்தில் வந்தபோது இங்கிலாந்தில் எப்வொர்த் என்ற ஊரில் ஒரு பாதிரியார் மனைவி, சூசன்னா வெஸ்லி, 1712-இல் அதைப் படித்தார். மனம் அசைந்துபோய், தன் பிள்ளைகளோடு தனித்தனியாக உட்கார்ந்து ஆத்தும காரியம் பேச வாரத்தில் ஆளுக்கொரு நாள் ஒதுக்கினார். வியாழக்கிழமை ஜான் என்ற பையனுக்கு. மெத்தடிஸ்ட் சபைக்கு வழிவைத்த ஜான் வெஸ்லிதான் அவன். தரங்கம்பாடிக் கடற்கரையில் எழுதிய கடிதம் எந்த வீட்டு அடுப்படியில் போய் வேலை செய்தது பாருங்கள்.

பெரியவரிடம் சொல்லிவிடுங்கள் என்பதே என் கட்சி. யாக்கோபு 5:16-இல் ஒருவருக்காக ஒருவர் ஜெபம் பண்ணுங்கள் என்பதற்கு முன்னால், குற்றங்களை ஒருவருக்கொருவர் அறிக்கையிடுங்கள் என்றும் இருக்கிறது. நாம் பின்பாதியை மட்டும் சுவரில் எழுதி மாட்டியிருக்கிறோம்.

கேள்விக்குறி | புதன், காலை 11.32

உள்ளே வரலாமா? ஞாயிறு பள்ளியில் வளர்ந்தவன்தான், இப்போது கோயிலுக்குப் போவதில்லை. யாரையும் புண்படுத்த எழுதவில்லை.

குத்தாலத்தாரே, நீங்கள் ஜெபிக்கவே இல்லை. இருந்தும் உங்கள் பெயர் அவருக்குத் தைரியம் கொடுத்திருக்கிறது. அப்படியானால் வேலை செய்தது ஜெபமா, ஜெபிக்கிறார்கள் என்ற நினைப்பா? பத்துப் பெயரிலும் இப்படி எத்தனை காலிப் பெயரோ!

அமெரிக்காவில் 2006-இல் ஒரு ஆய்வு முடிவு வந்தது. ஆறு ஆஸ்பத்திரிகள், பைபாஸ் செய்துகொண்ட 1,802 பேர். நமக்காக ஜெபிக்கிறார்களா இல்லையா என்று தெரியாமல் இருந்தவர்களில், ஜெபம் கிடைத்த பிரிவுக்கும் கிடைக்காத பிரிவுக்கும் பெரிய வித்தியாசம் இல்லை. "உங்களுக்காக நிச்சயம் ஜெபிக்கிறார்கள்" என்று சொல்லப்பட்டவர்களில் 59 சதவீதம் பேருக்குச் சிக்கல் வந்தது. மற்ற இரண்டு பிரிவையும்விட அதிகம். இதற்கு என்ன சொல்வீர்கள்?

அன்பியம் அக்கா | புதன், மதியம் 3.05

கேள்விக்குறி தம்பி, நல்ல கேள்வி. அந்த ஆய்வைப் பற்றி என் மகள் (நர்சிங் படிக்கிறாள்) சொல்லியிருக்கிறாள். அதில் ஜெபித்தவர்களுக்குக் கொடுக்கப்பட்டது நோயாளியின் முதல் பெயரும், அடுத்த பெயரின் முதல் எழுத்தும் மட்டும்தானாம். அவர்கள் வேறு ஊர்க்காரர்கள், ஆளைப் பார்த்ததே இல்லை. அந்தப் பெரியவர் தள்ளுவண்டியில் எண்ணிக்கொண்டு போனது அப்படிப்பட்ட பெயர்களையா? அவர் எண்ணியது தெரிந்த முகங்களை. இரண்டையும் ஒரே தராசில் வைக்க முடியுமா என்று தெரியவில்லை. ஆய்வு தப்பு என்று சொல்லவில்லை. அது அளந்தது வேறு ஒன்று என்கிறேன்.

நாங்கள் கத்தோலிக்கர், பூண்டி பக்கம். செபம் என்று எழுதினால் பொறையார் ஐயா கோபிக்க மாட்டார் என்று நினைக்கிறேன்.

எங்கள் அன்பியத்தில் (அக்கம்பக்கத்துக் குடும்பங்கள் கூடிச் செபிக்கிற குழு) கடைசியில் மன்றாட்டு நேரம் உண்டு, யார் வேண்டுமானாலும் சொல்லலாம். சில வருஷத்துக்கு முன் என் வீட்டுக்காரர் குடியில் விழுந்திருந்த காலம். ஒரு கூட்டத்தில் ஒரு அம்மா கண்ணை மூடிக்கொண்டு, "கோயிலுக்குப் பின்னாடித் தெருவில், பச்சைக் கேட்டு வீட்டில் சமாதானம் உண்டாக வேண்டுமென்று..." என்று ஆரம்பித்தார். அந்தத் தெருவில் பச்சைக் கேட்டு ஒன்றுதான். என்னுடையது. பதினெட்டுக் குடும்பமும் "எங்கள் மன்றாட்டைக் கேட்டருளும்" என்று பதில் சொன்னது. நானும் சேர்ந்து சொன்னேன், என்ன செய்ய? அதோடு நாலு மாதம் போகவில்லை. மன்றாட்டு என்ற பெயரில் வம்பு பேசுவதை நம் ஆட்களைப்போல யாரும் செய்ய முடியாது.

திரும்பப் போனதற்குக் காரணம் ஒரு கிழவி. கீரை விற்கிறவர். ஒருநாள் கொல்லைப்பக்கமாக வந்து, முருங்கைக்கீரையை வைத்துவிட்டு, ஒன்றும் கேட்காமல், துணி துவைக்கிற கல்லில் உட்கார்ந்து செபமாலையின் ஐம்பத்து மூன்று மணியும் சொல்லிவிட்டுப் போனார். வாரா வாரம் வந்தார். யாருக்காக என்று அவரும் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை. மூன்றாவது வாரம் நானும் செபமாலையை எடுத்துக்கொண்டு போய்ப் பக்கத்தில் உட்கார்ந்தேன். வீட்டுக்காரர் குடியை விட இன்னும் ஒன்றரை வருஷம் ஆனது. அதுவரை நான் விழாமல் நின்றது அந்தத் துவைக்கிற கல்லால்தான்.

இன்னொன்று. செபித்தவர்கள் பிழைத்தார்கள் என்று சுலபமாகச் சொல்கிறவர்களைக் கண்டால் எனக்கு ஆகாது. 2004 டிசம்பர் 26, ஞாயிற்றுக்கிழமை. வேளாங்கண்ணிக் கரையில் அலை கொண்டுபோனவர்களில் எத்தனையோ பேர் செபிக்கத்தான் வந்திருந்தார்கள். எங்கள் பங்கிலும் அப்படிப் போன ஒரு குடும்பம் உண்டு. மிஞ்சிய பிள்ளைக்கு இப்போது இருபத்தெட்டு வயது. அவனிடம் போய்க் கணக்குக் காட்ட முடியுமா?

கேள்விக்குறி | புதன், மதியம் 3.48

அக்கா, பச்சைக் கேட்டு இப்போதும் பச்சைதானா?

ஆய்வைப் பற்றி நீங்கள் சொன்னது நியாயம்தான். முழுசாக ஒப்புக்கொள்ளவில்லை, யோசிக்கிறேன்.

அன்பியம் அக்கா | புதன், மாலை 4.02

மறு மாதமே நீலம் அடித்துவிட்டேன்.

மாயூரம் 72 | புதன், மாலை 5.20

ஜெபமா செபமா வேண்டுதலா, எது சரி என்று முதலில் ஒரு முடிவுக்கு வாருங்கள். தொல்காப்பியத்தில் ஜகரம் உண்டா?

நெறியாளர் | புதன், மாலை 5.31

அதற்குத் தனி இழை இருக்கிறது, போன வருஷம் 140 பதிவோடு பூட்டியது. இங்கே வேண்டாம், தயவுசெய்து.

தென்னந்தோப்பு | புதன், இரவு 8.55

நான் பேராவூரணிப் பக்கம். அதிகம் எழுதத் தெரியாது.

கஜா புயல் வந்தது 2018 நவம்பர் 16 விடியற்காலை. தாத்தா வைத்தது, அப்பா வைத்தது என்று 130 மரம் இருந்த தோப்பில் விடிந்து பார்த்தால் ஏழு நின்றது. மற்றதெல்லாம் ஒரே பக்கமாகச் சீப்பால் வாரிவிட்டதுபோல் கிடந்தது. நான் வரப்பில் உட்கார்ந்தவன் எழுந்திருக்கவே இல்லை. எங்கள் பக்கம் அந்த வாரம் வேறு மாதிரி முடிவு எடுத்தவர்களும் உண்டு. நானும் அதை யோசிக்கவில்லை என்று பொய் சொல்ல மாட்டேன்.

மூன்றாம் நாள் சபையிலிருந்து ஐந்து பேர் வந்தார்கள். பாதையெல்லாம் மரம், பைக்கைப் போட்டுவிட்டு நடந்தே வந்தார்கள். மூப்பர் ஒருவர் ஜெபிக்க ஆரம்பித்தார். மேடையில் மைக் கொடுத்தால் அரைமணி நேரம் ஜெபிக்கிற ஆள். அன்றைக்கு, "ஆண்டவரே, இவனுக்கு என்ன சொல்றதுன்னு எங்களுக்குத் தெரியல" என்றார். அவ்வளவுதான், மேலே வரவில்லை. கொஞ்ச நேரம் சும்மா நின்றார்கள். அப்புறம் "ஆமென்" என்று சொல்லிவிட்டு, கொண்டுவந்த ரம்பத்தை எடுத்து மாட்டுக்கொட்டகை மேல் விழுந்திருந்த மரத்தை அறுக்க ஆரம்பித்துவிட்டார்கள். இருட்டும்வரை அறுத்தார்கள். கரண்டு வர இருபத்தாறு நாள் ஆனது. அதுவரை யாராவது ஒருவர் தினமும் வந்து தலையைக் காட்டிவிட்டுப் போவார்.

நிறைய ஜெபம் கேட்டிருக்கிறேன், எனக்கு ஞாபகம் இருப்பது அந்த ஒரு வரிதான்.

பெரியவர் விஷயத்தில் என் யோசனை: அது கைமாற்று மாதிரி. வாங்கியதை மறந்துவிட்டீர்கள், பரவாயில்லை, இப்போது போய்க் கொடுங்கள். கொடுத்தவருக்குத் தெரியாமல் வீட்டு வாசலில் வைத்துவிட்டு வருவது கடன் அடைப்பதாகாது.

ஐயரம்மா | வியாழன், காலை 5.45

குருசேகரத்து வீட்டில், அதாவது சபைப் போதகர் வீட்டில், இருபத்தி மூன்று வருஷமாக இருக்கிறேன். போதகரைத்தான் ஐயர் என்போம். "ஜெபிக்கிறேன்" என்று அதிகமாகப் பொய் சொன்னவர்கள் பட்டியல் போட்டால் எங்கள் ஐயர் முதலிலும் நான் இரண்டாவதிலும் வருவோம். ஞாயிற்றுக்கிழமை வாசலில் கைகொடுத்துக்கொண்டே முப்பது பேர் முப்பது விண்ணப்பம் சொல்வார்கள். திங்கட்கிழமை எத்தனை ஞாபகம் இருக்கும்?

ஆகவே பத்து வருஷத்துக்கு முன் ஒரு முடிவு செய்தேன். யாராவது ஜெபிக்கச் சொன்னால் அந்த இடத்திலேயே செய்துவிடுவது. பஸ் ஸ்டாண்டோ, ரேஷன் கடையோ, கையைப் பிடித்துக்கொண்டு இரண்டு வரி. கண்ணை மூட வேண்டியதுகூட இல்லை. முடியாவிட்டால், பால் கணக்கு எழுதுகிற நோட்டின் கடைசிப் பக்கத்தில் எழுதிவிடுவேன். தினமும் பால்காரர் வருவார், நோட்டைத் திறக்காமல் இருக்க முடியாது. பக்கத்தில் தேதி. நடந்தால் ஒரு டிக். டிக் விழாத பெயர்கள்தான் அதிகம். சில பெயர்களுக்குமேல் சிலுவைக் குறி போட வேண்டி வந்திருக்கிறது.

ஐயர் வீட்டுக்காக யார் ஜெபிக்கிறார்கள் என்று யாரும் யோசிப்பதில்லை. எங்களுக்கு என்ன குறை என்று நினைத்துக்கொள்கிறார்கள். ஒருமுறை நடவுக்குப் போய்விட்டு வந்த ஒரு அக்கா, முழங்கால்வரை சேறு, படியில் ஏறாமல் கீழேயே நின்றுகொண்டு, "ஐயரம்மா, போன வாரம் பாட்டுப் பாடுறப்ப உங்க குரலே வரல. என்னான்னு கேக்கல. வயல்ல குனிஞ்சப்பெல்லாம் உங்க பேரச் சொல்லிக்கிட்டிருக்கேன்" என்றார். அன்று காலையில்தான் மார்பில் கட்டி என்று ஸ்கேன் ரிப்போர்ட் வந்திருந்தது. என் அம்மாவுக்குக்கூடச் சொல்லவில்லை. (சாதாரணக் கட்டிதான், எடுத்துவிட்டார்கள்.) அப்போஸ்தலனாகிய பவுலே "எங்களுக்காக வேண்டிக்கொள்ளுங்கள்" என்று கேட்டு எழுதுகிறார். நமக்குக் கேட்கத்தான் வாய் வருவதில்லை.

குத்தாலத்துத் தம்பி, போய்ச் சொல்லுங்கள். ஆனால் உங்கள் வருத்தத்தை நீட்டி முழக்காதீர்கள். அவர் உங்களைச் சமாதானப்படுத்தும்படி ஆகிவிடக் கூடாது. சீக்கிரம் சொல்லிவிட்டு அங்கேயே ஜெபித்துவிட்டு வாருங்கள்.

ஷார்ஜா மன்னார்குடி | வியாழன், காலை 8.15

சரி, நான் கட்சி மாறிக்கொள்கிறேன். ஐயரம்மா சொன்ன மாதிரி சொன்னால் தப்பில்லை.

பால் நோட்டு விஷயம் எங்கள் டப்பாவைவிட நல்ல யோசனை. டப்பாவை இங்கே யாரோ கழுவி ஊறுகாய் போட்டுவிட்டார்கள்.

கேள்விக்குறி | வியாழன், இரவு 11.20

ஐயரம்மா, உங்கள் பதிவை மூன்று முறை படித்தேன். என் அம்மா தினமும் ராத்திரி என் பெயரைச் சொல்லி ஜெபிக்கிறார். பக்கத்து அறையில் எனக்குக் கேட்கும். நம்பாதவன் பெயரை எதற்கு இழுக்கிறீர்கள், நிறுத்துங்கள் என்று சொல்லப் பல தடவை நினைத்ததுண்டு. சொன்னதில்லை. போன மாதம் அம்மா சித்தி வீட்டுக்குப் போயிருந்த ஒரு வாரம் எனக்குச் சரியாகத் தூக்கம் வரவில்லை. இதை வைத்து ஒன்றையும் நிரூபிக்காதீர்கள்.

பொறையார் வாத்தியார் | வெள்ளி, காலை 6.05

நிரூபிக்கவில்லை தம்பி. அம்மாவைக் கேட்டதாகச் சொல்லுங்கள்.

குத்தாலத்தான் | ஞாயிறு, இரவு 8.30

நேற்றுச் சாயங்காலம் போனேன். கரண்டு இல்லை. பெரியவர் திண்ணையில் விசிறியோடு உட்கார்ந்திருந்தார். நெஞ்சில் தையல் போட்ட கோடு பனியனுக்குமேல் தெரிகிறது. ஐயரம்மா சொன்னபடி நீட்டவில்லை. "ஐயா, நான் உங்களுக்காக ஒரு நாளும் ஜெபம் பண்ணல. மறந்துட்டேன். நீங்க எண்ணின பேருல என் பேரு பொய்" என்றேன்.

விசிறி நின்றது. எனக்கு வயிற்றைக் கலக்கியது.

"எடை போட்டவன்கிட்ட வந்து எடை குறையுதுங்கிற" என்றார். சிரிக்கிறாரா என்று இருட்டில் தெரியவில்லை. "நெல்லு மூட்டை போடுறப்ப சாக்கு எடைன்னு ஒண்ணு கழிப்போம். தெரியும்ல? உன்னைச் சாக்குல கழிச்சாலும் பத்து நிக்குது. அது போதும் எனக்கு." கொஞ்ச நேரம் கழித்து, "சரி, இப்பப் பண்ணு" என்றார்.

பண்ணினேன். நாலு வரி. அறுவைசிகிச்சை என்று சொல்ல வந்து அறுவடை என்று சொல்லிவிட்டேன். அவர் திருத்தவில்லை. நான் முடித்ததும் "உனக்கு என்ன?" என்று கேட்டார். ஒன்றுமில்லை என்றுதான் முதலில் சொன்னேன். விடவில்லை. அண்ணனோடு வரப்புத் தகராறில் மூன்று வருஷமாகப் பேச்சு இல்லாததைச் சொன்னேன். இதை நான் யாரிடமும் ஜெபக் குறிப்பாகக் கொடுத்ததில்லை. அண்ணன் பெயர் என்ன என்று கேட்டுவிட்டு, என் பெயரையும் அவன் பெயரையும் சேர்த்து ஒரே வாக்கியத்தில் சொன்னார். இரண்டு பெயரையும் சேர்த்துக் கேட்டு ரொம்ப நாளாகிறது.

கிளம்பும்போது உள்ளேயிருந்து பெரியவரின் வீட்டம்மா, "அப்படியே என் முட்டிவலிக்கும் சேத்துப் பண்ணிட்டுப் போப்பா" என்றார்.

கேள்விக்குறி | ஞாயிறு, இரவு 8.44

பண்ணினீங்களா?

குத்தாலத்தான் | ஞாயிறு, இரவு 8.47

வாசல்படியிலேயே. எந்த முட்டி என்று கேட்டுக்கொண்டுதான் ஆரம்பித்தேன். இடது.